சோழகத்தில் கொக்கிளாய்க் களப்பு: எஞ்சின் போட்டில் ஆறுதலாகப் போய்வர

வன்னியில் வாய்க்காலுக்குக் குறைவில்லை, ஆனால் போட் விடத்தக்க வாய்க்கால் ஒன்றும் இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் இருந்து பிரிபவை வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியவை. அங்கே எஞ்சினை இறக்கினால் முதல் மதகோடு பயணம் முடிந்துவிடும். ஊர்க்கரைகளைப் பார்த்தபடி மெல்லப் போக வேண்டுமென்றால் களப்புத்தான். அதிலும் கொக்கிளாய் வசதியானது: வடகரையில் கொக்கிளாயும் கொக்குத்தொடுவாயும், தென்கரையில் புல்மோட்டை, நடுவே கண்டல் ஓடைகள்.

மே தொடங்கி செப்டெம்பர் வரை சோழகம், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலம். அப்போது மன்னார்க் கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கரை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆனால் மழையில்லாமல் களப்பு நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு வரும். மாரியில் எஞ்சின் தாராளமாக ஓடிய இடத்தில் ஆடியில் கொக்கு நின்று மீன் பிடிக்கும். முகத்துவாரத்து மணல் திட்டும் வருடத்துக்கு வருடம் இடம் மாறும். களப்பு கடலோடு சேரும் வாயைக் குறிக்கும் தொடுவாய் என்ற சொல் கொக்குத்தொடுவாய் என்ற ஊர்ப் பெயரிலேயே இருக்கிறதே. போன வருடம் போன பாதையை இந்த வருடம் நம்பாதீர்கள். கரையில் வலை பொத்துகிற ஆட்களிடம் "இப்ப ஓடை எந்தப் பக்கத்தால போகுது?" என்று கேட்ட பிறகே போட்டைத் தள்ளுங்கள். முதல் தடவை என்றால் அவர்களில் ஒருவரையே கூட்டிப் போவது உத்தமம்.

இன்னொரு இடத்திலும் கேட்க வேண்டும். கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் சரணாலயம். முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பும் 2017இல் இயற்கை ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்டது. எங்கே எஞ்சின் விடலாம், எங்கே கூடாது என்பதை வனசீவராசிகள் திணைக்களத்தில் முதலே விசாரியுங்கள்.

பதினெட்டு அடி ஃபைபர் போட்டும் 8 அல்லது 15 குதிரைவலு எஞ்சினும் போதும். ஓட்டுபவரோடு ஐந்து பேருக்கு மேல் ஏற்றாதீர்கள், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி வேண்டும். 25, 40 என்று பெரிய எஞ்சினைப் பூட்டினால் பாரத்தில் பின்பக்கம் தாழும், தண்ணீரைத் தள்ளும் விசிறி இன்னும் கீழே போகும். களப்பில் அது வீண் வில்லங்கம். எஞ்சினைப் பூட்டும்போது விசிறிக்கு மேலே உள்ள தட்டையான தகடு போட்டின் அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கட்டும். அதிகம் உயர்ந்தால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். தாழ்ந்தால் சேற்றை உழும். இப்படிப் பூட்டிய எஞ்சினின் கால், ஆட்கள் ஏறிய பிறகு நீர்மட்டத்துக்குக் கீழே ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடத் தொங்கும். ஆகவே இரண்டரை அடி ஆழம் இருந்தால் ஓடலாம், இரண்டு அடியென்றால் எஞ்சினைப் பாதி தூக்கி மிக மெதுவாகப் போகலாம். அதற்கும் குறைந்தால் நிறுத்திவிட்டுக் கம்பை ஊன்றித் தள்ளித் தாங்குங்கள்.

அந்தக் கம்புதான் இந்தப் பயணத்தில் எஞ்சினை விட முக்கியமான சாமான். பத்தடி நீளம், நுனியில் இருந்து அரை அடிக்கு ஒரு பெயின்ற் கோடு. இரண்டில் சிவப்பு, இரண்டரையில் வெள்ளை. அணியத்தில், அதாவது போட்டின் முன்பக்கத்தில், ஒருவர் இருந்து இடைக்கிடை ஊன்றிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். கண்ணாலும் ஆழம் பார்க்கலாம். வெளிர் மஞ்சளாகத் தெரிவது மணல் திட்டு, கரும்பச்சைத் திட்டு சாதாளை என்ற நீர்ப்புல். நீர்க்காகம் முழுகி எழும்புகிற இடத்தில் தண்ணீர் இருக்கும். கொக்கு நிற்கிற இடத்தில் இருக்காது. பூநாரையைப் பார்த்து ஆழம் எண்ணாதீர்கள், அதன் கால் நீளம். அதோடு, கூட்டத்துக்குக் கிட்டப் போய்க் கலைப்பதும் தவறு.

எரிபொருள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. இரண்டடிப்பு எஞ்சினுக்கு 50க்கு 1 கலவை என்றால் 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் எண்ணெய். உங்கள் எஞ்சின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பாருங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பின்தான் மாற்ற வேண்டும். கரைக்கு வர ஐந்து நிமிடத்துக்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு வாருங்கள். மறந்தால் மறுநாள் காலையில் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடும்.

எரிபொருள் தாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிட்டுப் புறப்படுங்கள். புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் எஞ்சின் இருமி நின்றால் பிளக்கைக் கழற்ற முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு இறங்கினால் பத்தரைக்குள் திரும்பிவிடலாம். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். புறப்பட்டதும் மேற்கே, காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றோடு வாருங்கள். தென்மேற்குக் காற்று போட்டை முகத்துவாரப் பக்கம்தான் தள்ளும். எஞ்சின் நின்றால் முதல் வேலை கயிறு இழுப்பதல்ல, நங்கூரம் போடுவது. வற்று நீரோட்டமும் சேர்ந்தால் வாய் வழியாகக் கடலுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. ஆளுக்கு மூன்று லீற்றர் குடிதண்ணீர் வேண்டும், களப்பில் நிழல் இல்லை.

வேகம், பக்கத்தில் ஒருவர் நடந்தால் எட்டக்கூடிய அளவு. வலைக்காரர் இருக்கும் இடத்தில் அதிலும் பாதி. மீன் பிடிக்க நட்டிருக்கும் களங்கட்டியின் கம்பு வரிசைக்கு நடுவால் ஒருபோதும் குறுக்கறுக்காதீர்கள், சுற்றிப் போங்கள். வலை அறுந்தால் அவர்களுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு போகும், உங்களுக்கு விசிறி போகும்.

இந்தக் காலத்தில் அதிகம் கரைச்சல் தருவது சாதாளை. எஞ்சின் சத்தம் கனத்து, போட் இழுபடுகிற மாதிரி இருந்தால் விசிறியில் சுற்றியிருக்கிறது. நியூற்றலுக்கு வந்து, இரண்டு விநாடி பின்கியர் போடுங்கள். பெரும்பாலும் கழன்றுவிடும். கழலாவிட்டால் எஞ்சினை நிறுத்தி, பாதுகாப்புச் சாவிக்கயிற்றையும் உருவி எடுத்துவிட்டே கத்தியோடு குனியுங்கள். பின்னால் பீச்சுகிற தண்ணீரில் எப்போதும் ஒரு கண் வேண்டும். அது நூலாக மெலிந்தால் தண்ணீர் இழுக்கும் துவாரத்தில் சாதாளையோ மணலோ அடைத்திருக்கிறது. உடனே நிறுத்தி, தூக்கி, துடைத்து, மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். கரை வரை சமாளிப்போம் என்று ஓட்டினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும்.

தரை தட்டினால் முறுக்க வேண்டாம். விசிறி தோண்டிய குழியிலேயே பின்பக்கம் இன்னும் ஆழமாக உட்காரும், மணலையும் உள்ளே இழுக்கும். எஞ்சினைத் தூக்கி, ஆட்களை அணியத்துக்கு நகர்த்தினால் பின்பக்கம் எழும்பும். பிறகு வந்த வழியே கம்பால் தாங்கிப் பின்னுக்கு எடுங்கள். எஞ்சின் கத்துகிறது, போட் அசையவில்லை என்றால் சின்ன எஞ்சின்களில் விசிறியைத் தண்டோடு பூட்டும் சின்ன ஊசி (பின்) முறிந்திருக்கும், பெரியவற்றில் விசிறிக்குள் உள்ள றப்பர் வழுக்கும். அந்த ஊசி இரண்டும் ஒரு குறடும் எப்போதும் போட்டில் கிடக்கட்டும்.

இறங்கித் தள்ள வேண்டி வந்தால் செருப்போடு, காலைத் தூக்காமல் உரசி நடவுங்கள். சேற்றில் படுத்திருக்கும் திருக்கை அசைவறிந்து விலகும். மிதித்தால் முள் ஏற்றும். ஏறிவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். கண்டல் ஓரங்களில் முதலை இருக்கலாம், அங்கே இறங்காதீர்கள். கரையேறுவது ஆட்கள் நாளாந்தம் பாவிக்கிற இறங்குதுறைகளில் மட்டும். வெறுங்கரை எவ்வளவு வடிவாகத் தெரிந்தாலும் இது வன்னி. சிவப்பு மிதிவெடிப் பலகை இல்லாததாலேயே நிலம் துப்புரவு என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்த அன்றே எஞ்சினை ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் இறக்கி, துவாரங்கள் முழுகப் பத்து நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். எரிபொருள் குழாயைக் கழற்றினால் கார்பரேற்றரில் இருப்பது எரிந்து தானாக நிற்கும். பிறகு நிமிர்த்தி வைத்து நீரை வடிய விட்டுத்தான் படங்கால் மூட வேண்டும்.