பத்துக் குறள், பத்து நாள்: மனக்கசப்பை இறக்கி வைக்க ஒரு பயிற்சி

திருக்குறளின் 16-ஆம் அதிகாரமான பொறையுடைமை, துறவறவியலில் அல்லாமல் இல்லறவியலில் வைக்கப்பட்டிருக்கிறது. சொத்துப் பிரிவினையிலும் கல்யாண வீட்டிலும் உறவுகளிடம் சொல்லடி பட்டு, அதை ஆண்டுக்கணக்காக நெஞ்சில் சுமப்பவர்களுக்கு அதுவே ஓர் ஆறுதல். 151 முதல் 160 வரையிலான குறள்களை நாளுக்கொன்றாக ஓதி, ஒரே ஒரு மனக்கசப்பை முன்னிறுத்தித் தம்மைத் தாமே ஆராயும் முறையை இங்கே எழுதுகிறேன்.

விடியற்காலையில் அரை மணி நேரமும் ஒரு நோட்டும் போதும். முதல் முறையே ஆகப் பெரிய காயத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். குறளை மூன்று முறை வாய்விட்டுப் படித்து, சொற்களோடு சற்று நேரம் இருந்துவிட்டு, பிறகு உரையைப் பாருங்கள். 152-ஆம் குறளின் 'இறப்பினை' என்ற சொல்லை மரணம் என்று எண்ணிவிடுவோர் உண்டு. அங்கே அது வரம்பு கடந்து செய்த தீங்கைக் குறிக்கிறது. அத்தீங்கைப் பொறுப்பதைவிட மறப்பது நன்று என்கிறது குறள். மறதி வலிந்து வருவதன்று என்பதால், அந்தக் குறளைப் பத்தாம் நாளில் மறுபடியும் படிப்பது நல்லது.

நோட்டின் இடப்பக்கத்தில், அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். வலப்பக்கத்தில், பின்னாளில் நீங்கள் அதனுடன் சேர்த்துக்கொண்டதை எழுதுங்கள். என் தந்தையின் கருமாதியன்று உறவினர் ஒருவர் கிணற்றடியில் என்னிடம், "கடைசிக் காலத்துல நீ எங்கே இருந்தே?" என்று கேட்டார். ஊரே பார்க்க அவமானப்படுத்திவிட்டார் என்று பல ஆண்டுகள் குமைந்திருந்தேன். எழுதிப் பார்த்தபோது இடப்பக்கத்தில் ஐந்தே சொற்கள்தாம் இருந்தன. வலப்பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்கும் போயிற்று. அன்று கிணற்றடியில் எங்களைத் தவிர ஒருவர்தான் நின்றிருந்தார் என்பதும், அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் அது அவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதும் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டன.

ஏழாம் நாளுக்குரிய 157-ஆம் குறளுக்கு இரண்டு நாள் ஒதுக்கினாலும் தகும். 'நோநொந்து' என்பதற்கு, தீங்கு செய்தவருக்கு அதனால் வரப்போகும் துன்பத்திற்காக நொந்து என்று பரிமேலழகர் பொருள் காண்கிறார். நம்மை நோகடித்தவருக்காக நாம் நோவது எளிதில் கைகூடாது. அவர் அன்று எந்த நிலையில் இருந்தார் என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். என் உறவினர் தம் தமையனைப் பறிகொடுத்து நின்றவர் என்பதை நான் அதுவரை எண்ணியதே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடியும் மிரட்டலும் இன்றும் தொடர்கிற வீட்டில் இருப்பவர்கள் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். அதைச் சகித்துக்கொள்ளச் சொல்வதற்கு இந்த அதிகாரத்தைச் சான்றாகக் காட்டுவது கொடுமை.

பத்து நாள் முடிந்ததும் உரியவரிடம் போய், "உங்களை மன்னித்துவிட்டேன்" என்று அறிவிக்க வேண்டியதில்லை. அது பல வேளைகளில் புதுச் சண்டைக்கு வித்தாகும். நான் தொலைபேசியில் அழைத்து அவருடைய முழங்கால் வலியை விசாரித்தேன். கருமாதியைப் பற்றி இருவருமே பேசவில்லை. வரும் தை மாதம் ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறார்.