தடுப்பு முகாம், கண்காணிப்புக் கேமரா: எதிர்த்து நிற்கும் குழுக்கள் சறுக்கும் இடங்கள்

2025 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறிய பட்ஜெட் சட்டம், குடியேறிகளை அடைத்துவைக்கும் முகாம்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கியது. முகாம்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் எதிர்க்க, அதற்கு முன்பே பல ஊர்களில் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். தேவாலயத்துக்காரர்கள், தொழிற்சங்கத்தார், பள்ளிப் பெற்றோர் என்று பலரும் சேர்ந்த சின்னச் சின்னக் குழுக்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் இந்த வேலையில் தவறு செய்பவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவர். கூட்டம் நடத்துபவர் பெரும்பாலும் குடியுரிமை உள்ளவர். சறுக்கினால் அடிபடுவது அது இல்லாதவர். கீழே சொல்லப்போகும் தவறுகளில் அநேகம் இதை மறப்பதால் வருபவை.

முதலில் வதந்தி. "ஐஸ் வந்திருக்காங்க, யாரும் வெளியே வராதீங்க" என்று ஒரு செய்தி குழுவில் விழுகிறது. (குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறையை இங்கே எல்லோரும் ஐஸ் என்றே சொல்கிறார்கள்.) எந்தத் தெரு, எத்தனை மணி, யார் பார்த்தது, ஒன்றும் இல்லை. நேரம் போடாத செய்தி மூன்று நாள் கழித்தும் புதிதுபோலவே சுற்றும். அதைப் பார்த்த ஒருவர் வேலைக்குப் போக மாட்டார், இன்னொருவர் ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட்டை விட்டுவிடுவார். பயமுறுத்துவது ஐஸ் அமைப்பின் வேலை; அதை நாமே இலவசமாகச் செய்துகொடுக்க வேண்டியதில்லை.

அனுபவமுள்ள குழுக்கள் ஆறு கேள்விக்கு விடை இருந்தால்தான் செய்தியை வெளியே விடுகின்றன: எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எந்த இடம், என்ன உடை, எத்தனை மணி, என்ன வண்டி அல்லது கருவி. "காலை 7.40, பள்ளிக்குப் பின்வாசல் தெரு, மூன்று பேர், ஐஸ் என்று எழுதிய கவச உடை, சாம்பல் நிற எஸ்யூவி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், நான் நேரில் நின்று பார்க்கிறேன்." இப்படி வந்தால் பயிற்சி பெற்ற ஒருவர் போய்ப் பார்த்து உறுதி செய்யலாம். அப்புறம், பார்த்தது உள்ளூர் போலீஸ்தான், அல்லது வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று தெரிந்தால் அதையும் அதே குழுவில் சொல்ல வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். எச்சரிக்கை ஆயிரம் பேருக்குப் போகும், "ஒன்றுமில்லை, போய்விட்டார்கள்" என்பது யாருக்கும் போகாது.

இரண்டாவது, கண்காணிப்பை எதிர்க்கும் குழுவே தன் ஆட்களைப் பற்றிக் கோப்பு சேர்ப்பது. கூட்டத்தின் வாசலில் வருகைத் தாள்: பெயர், முகவரி, போன், "உங்கள் குடியேற்ற நிலை என்ன?" நல்ல எண்ணத்தில், உதவி யாருக்குத் தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். ஆனால் எழுதி வைத்த எதையும் நீதிமன்ற ஆணை கொண்டு கேட்கலாம், திருடலாம், அல்லது யாரோ காரில் மறந்து வைத்துவிட்டுப் போகலாம். குடியேற்ற நிலையைக் கேட்கவே கேட்காதீர்கள், தானாகச் சொன்னாலும் எழுதாதீர்கள். இல்லாத பட்டியலை யாராலும் கைப்பற்ற முடியாது.

சிக்னல் செயலிக்கு மாறிவிட்டோம், இனிப் பாதுகாப்புதான் என்று நினைப்பதும் இதே ரகம். செய்தி போகும் வழியைத்தான் அது பூட்டுகிறது. முந்நூறு பேர் இருக்கும் குழுவில் யார் யார் என்று யாருக்கும் தெரியாது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை எந்தப் பூட்டும் தடுக்காது. பெரிய குழுவைத் தெருமுனை போலவே நடத்துங்கள். அங்கே உரக்கச் சொல்லக் கூடாததை இங்கேயும் எழுத வேண்டாம். செய்திகள் தானாக அழியும்படி வைப்பது, முகம் காட்டித் திறக்கும் போனை எண் பூட்டுக்கு மாற்றுவது, கைதாகிறவரின் முகத்தை நேரலையில் காட்டாமல் அதிகாரிகளைப் படம் எடுப்பது, இதெல்லாம் சின்ன விஷயங்கள். பழகிவிட்டால் சிரமமே இல்லை.

இனி கேமரா. இங்குதான் குழுக்கள் அதிகம் ஏமாறுகின்றன. சாலையோரக் கம்பத்தில் சோலார் தகட்டோடு நிற்கும் கறுப்புக் கேமரா, போகிற ஒவ்வொரு காரின் நம்பர் பிளேட்டையும் படித்து வைக்கிறது. ஃப்ளாக் சேஃப்டி என்ற கம்பெனியுடையது இவற்றில் பிரபலம். "திருட்டுக் கார் பிடிக்கத்தான், ஐஸ் அமைப்போடு எங்களுக்கு ஒப்பந்தமே இல்லை" என்பார் போலீஸ் அதிகாரி. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வலையமைப்பில் சேர்ந்த ஓர் ஊரின் தரவை வேறு மாநிலப் போலீசும் தேடலாம். அவர் தனக்காகத் தேடினாரா, ஐஸ் கேட்டதற்காகத் தேடினாரா என்பது வேறு கேள்வி. உள்ளூர் போலீசார் ஐஸ் அமைப்புக்காக இப்படித் தேடிக்கொடுத்ததை 404 மீடியா என்ற செய்தித் தளம் 2025 மே மாதம் வெளிக்கொண்டு வந்தது. இல்லினாய் மாநிலத்தில் 2024 தொடக்கத்திலிருந்தே இந்தத் தரவைக் குடியேற்ற வேலைக்குத் தருவதற்குத் தடை உண்டு. இருந்தும் மத்திய அரசின் எல்லைக் காவல் துறைக்கு அந்த மாநிலத் தரவு திறந்திருந்ததை 2025 ஆகஸ்டில் மாநிலச் செயலாளரின் தணிக்கை கண்டுபிடித்தது. சட்டம் இருக்கிறது என்று நிம்மதியாக உட்காருவதும் ஒரு தவறுதான்.

எனவே "கேமரா வேண்டாம்" என்ற பதாகையோடு போகும் முன் தகவல் கோரிக்கை போடுங்கள். பொதுவாக "எல்லா ஆவணங்களும் தருக" என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள். மூன்றே மூன்று கேளுங்கள்: ஒப்பந்தம், எந்தெந்தத் துறைகளோடு பகிர்கிறார்கள் என்ற பட்டியல், தேடல் பதிவேடு. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. யார், எப்போது தேடினார் என்பதோடு, ஏன் தேடினார் என்று ஒரு கட்டமும் அதில் உண்டு. சில ஊர்ப் பதிவேடுகளில் அந்தக் கட்டத்தில் "ஐஸ்" என்றும் "குடியேற்றம்" என்றும் போலீசாரே எழுதி வைத்திருந்தார்கள். "விசாரணை" என்று ஒற்றைச் சொல் வரிசையாக இருந்தால் அதுவும் மாமன்றத்தில் கேட்கத் தக்க கேள்விதான்.

மாமன்றக் கூட்டம் பற்றியும் ஒன்று. கேமரா ஒப்பந்தங்கள் பெரும்பாலும் விவாதத்துக்கே வருவதில்லை. தெருவிளக்குப் பழுது, பூங்கா பெஞ்ச் இவற்றோடு சேர்த்து ஒரே ஓட்டில் நிறைவேறும் பட்டியலில் நுழைந்துவிடும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு வெளியாகும் நிகழ்ச்சி நிரலைப் படிக்க ஒருவராவது வேண்டும். சலிப்பான வேலை, படம் எடுத்துப் போட எதுவும் இருக்காது. ஆனாலும் குழுவில் இதைவிட முக்கியமான பொறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

வென்ற மறுநாள் கலைந்துபோவது அடுத்தது. டென்வர் மாமன்றம் 2025 மே மாதம் ஃப்ளாக் ஒப்பந்த நீட்டிப்பை நிராகரித்தது. பின்னர் மேயர் தரப்பு, மாமன்ற ஒப்புதல் தேவைப்படாத வழியில் அதை நீட்டித்துக்கொண்டது. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் நகர நிர்வாகமே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. கழற்றிய கேமராக்களைக் கம்பெனி திரும்ப மாட்டியது. கடைசியில் நகர ஊழியர்கள் போய் அவற்றை மூடி வைக்க வேண்டியிருந்தது. ஓட்டெடுப்பில் ஜெயித்த பிறகு கம்பத்தையும் போய்ப் பாருங்கள்.

தடுப்பு முகாம்களுக்கு வருவோம். "மூடு" என்ற கோரிக்கை மட்டும் போதாது என்பதற்கு நியூ ஜெர்சிதான் பாடம். 2021-ல் எசெக்ஸ், ஹட்சன், பெர்கன் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை), தங்கள் சிறைகளில் ஐஸ் பிடித்தவர்களை அடைத்துவைக்கும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன. வருடக்கணக்கான போராட்டத்தின் பலன் அது. ஆனால் உள்ளே இருந்தவர்களில் பலரை விடுதலை செய்யாமல் தூரத்துச் சிறைகளுக்கு மாற்றினார்கள். குடும்பம் வந்து பார்க்க முடியாது, வழக்கறிஞர் எட்டாத தூரம். "மாற்றாதே, விடுதலை செய்" என்று உள்ளே இருந்தவர்களும் குடும்பத்தாரும் கேட்டதை முதலிலிருந்தே கோரிக்கையின் மையத்தில் வைக்காத இடங்களில், வெளியே கொண்டாட்டம், உள்ளே பஸ் ஏற்றல். அதே மாநிலத்தின் நூவர்க்கில் 2025 மே மாதம் தனியார் சிறைகள் நடத்தும் ஜியோ குரூப் கம்பெனியின் டெலானி ஹால், ஏறக்குறைய ஆயிரம் படுக்கைகளோடு ஐஸ் முகாமாகத் திறந்தது. தனியார் முகாம்களுக்கு மாநிலங்கள் போட்ட தடைகளும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை: கலிபோர்னியா சட்டம் 2022-லும், நியூ ஜெர்சி சட்டம் 2025-லும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் தோற்றன. கட்டடத்தை எதிர்ப்பதோடு, உள்ளே இருப்பவருக்கு அன்றைக்கு என்ன ஆகும் என்ற திட்டமும் கையில் இருக்க வேண்டும்.

இதை ஒட்டியே இன்னொரு பொறி: "அடைத்து வைக்காதீர்கள், காலில் கண்காணிப்புப் பட்டை மாட்டி வெளியே விடுங்கள்" என்று நாமே கேட்பது. கால்பட்டையும், முகத்தைப் படம் எடுத்து ஆஜர் சொல்லும் ஸ்மார்ட்லிங்க் செயலியும் பிஐ என்ற நிறுவனத்துடையவை. அந்த நிறுவனத்தை 2011-லிருந்து வைத்திருப்பது அதே ஜியோ குரூப். முகாமில் ஒரு பில், வெளியே வந்தாலும் ஒரு பில். ஒரு தனி மனிதர் வீட்டுக்கு வர அதுதான் வழி என்றால் அவர் வழக்கறிஞர் கேட்கட்டும், தப்பே இல்லை. இயக்கத்தின் கோரிக்கையாக அதை எழுதுவதுதான் தவறு.

"இவர் எந்தக் குற்றமும் செய்யாதவர், உழைப்பாளி, மூன்று பிள்ளைகளின் அப்பா." மனசைத் தொடும், செய்தியில் வரும். ஆனால் இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், பத்து வருடம் முன்பு ஒரு வழக்கில் மாட்டியவரை அடைப்பது சரிதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஐஸ் அமைப்புக்கு ஆட்கள் போகும் முக்கிய வழிகளில் ஒன்று உள்ளூர் ஜெயில். கைதானவரின் கைரேகை எஃப்பிஐ வழியாக உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தானாகவே போய்விடும். அதற்கு ஷெரிஃப், அதாவது கவுண்டியின் தலைமைப் போலீஸ் அதிகாரி, எந்த ஒப்பந்தமும் போட்டிருக்க வேண்டியதில்லை. "இவரைக் கூடுதலாக 48 மணி நேரம் வரை வைத்திருங்கள்" என்று ஐஸ் அனுப்பும் தாளும் வேண்டுகோள்தான், கட்டளை இல்லை என்று 2014-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. மறுக்க ஷெரிஃபுக்கு இடம் உண்டா என்பதை மாநிலச் சட்டமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. அவரோ தேர்தலில் ஓட்டு வாங்கி வருபவர். வட கரோலினாவின் மெக்லன்பர்க் கவுண்டியில் 2018-ல் புதிதாக வென்ற ஷெரிஃப், பதவியேற்றதும் 287(ஜி) ஒப்பந்தத்தை, அதாவது உள்ளூர் அதிகாரிகளே குடியேற்ற அமலாக்க வேலை பார்க்க ஐஸ் அமைப்போடு போடும் ஒப்பந்தத்தை, முடித்தார். ஷெரிஃப் தேர்தலை யாரும் கவனிக்காத ஊரில் வாஷிங்டனைத் திட்டிக்கொண்டிருப்பதில் பெரிய பலன் இல்லை.

சட்ட விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும்: வழக்கறிஞர் இல்லாதவர் ஆலோசனை சொல்லக் கூடாது. நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேறு, ஐஸ் அதிகாரியே கையெழுத்திடும் ஐ-200, ஐ-205 தாள்கள் வேறு என்று பயிற்சியில் காட்டுங்கள். அதற்கு மேல், "உனக்கு அசைலம் (அகதித் தஞ்சம்) கிடைக்கும், இந்தப் படிவத்தைப் போடு" என்பதெல்லாம் ஆளைக் கிணற்றில் தள்ளும் வேலை.

யாராவது பிடிபட்டால் எல்லோரும் ஐஸ் இணையத் தேடலில் பெயரைப் போட்டுப் பார்க்கிறார்கள், வராவிட்டால் பதறுகிறார்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், பிறந்த நாடும் சரியாக இருக்க வேண்டும். நம் பெயர்களில் இது பெரிய தலைவலி. இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு விசாவில் முதற்பெயர் "எஃப்என்யு", அதாவது தெரியவில்லை, என்று போட்டிருப்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் அந்தத் தேடலில் வரவே மாட்டார். குடியேற்றத் துறை தரும், "ஏ" என்று தொடங்கும் ஒன்பது இலக்க எண் இருந்தால் இந்தப் பெயர்க் குழப்பமே இல்லை. அதைக் குடும்பம் ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்திருக்கட்டும். குழுவின் கூகுள் ஷீட்டில் வேண்டாம். முகாமிலிருந்து போன் வந்தால் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, வழக்கறிஞர் பார்த்தாரா என்று பேசுங்கள். எப்படி நாட்டுக்குள் வந்தார், யாரோடு வந்தார் என்ற கதையை மட்டும் கேட்காதீர்கள். அந்த அழைப்புகள் பதிவாகின்றன.