மேல்மாடிக்கு வைஃபை ஏறாத வீடு: நாங்கள் செய்த மாற்றம்

மட்டக்களப்பில் கடலோரக் கல்லடியில் எங்கள் வீடு கொங்கிரீட் தட்டுப் போட்ட இரண்டு மாடி. ஃபைபர் ரவுட்டர் கீழே முன்னறையில். மேலே பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பு அடிக்கடி அறுந்தது. ரவுட்டரில் வயர் குத்திப் பார்த்தால் முழு வேகமும் வந்தது, ஆகவே குறை இணைப்பில் இல்லை. கொங்கிரீட்டும் உள்ளே உள்ள கம்பியும்தான் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மறிக்கின்றன.

வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டர் வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகும். கேட் 6 என்ற நெட்வேர்க் வயரை மேலே இழுத்து, அதன் முனையில் அக்சஸ் பொயின்ற் (வயரில் வரும் இணையத்தை வைஃபையாகக் கொடுக்கும் கருவி) பூட்டுங்கள். வயர் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் வளைத்தால் முறியும். உப்புக்காற்றில் வயர் முனையில் உள்ள ஆர்ஜே45 பிளக்கின் பின்கள் பச்சை பிடிக்கும், இணைப்பு எதையும் வெளிச்சுவரில் விடாதீர்கள்.

அக்சஸ் பொயின்றாகப் பழைய ரவுட்டரே போதும். கீழுள்ள ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, போன்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை இதில் நிறுத்தி, வயரை லேன் (LAN) என்று எழுதிய துளையில் குத்துங்கள். நிறுத்தாவிட்டால் இரண்டும் முகவரி கொடுக்கும். சில போன்கள் வைஃபையில் இணையும், இணையம் வராது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில், ஒன்றையொன்று குழப்பாமல் இருக்க, கீழே சனல் 1, மேலே 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். டிவியையும் வயரில் போடுங்கள், போன்களுக்கு வைஃபையில் நெரிசல் குறையும். கரண்ட் போகும் நேரத்துக்கு ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் (சிறிய பற்றரிப் பெட்டி) வாங்குவதானால் ரவுட்டர் அடப்டரில் உள்ள வோல்ட், அம்பியர் இரண்டையும் பார்த்தே வாங்குங்கள்.