டீக்கடைக்குப் போகும் முன் பேசி முடிக்க

யாங்கூனில் எங்கள் தமிழ் வகுப்புக்குப் பதினொரு பேர் கொண்ட குழு இருக்கிறது. நான் அதன் செயலாளர். மினிட்ஸ் நோட்டு ஆறு வருஷமாக என் பைக்குள்தான். அதில் எனக்கு வெட்கம் தரும் பக்கம் ஒன்று உண்டு. ஞாயிறு காலை வகுப்பைச் சனி மாலைக்கு மாற்றுவது என்று பத்தே நிமிடத்தில் முடிவெடுத்த பக்கம். தலைவர் தாத்தா சொன்னார், எல்லாரும் சரி என்றோம். கூட்டம் முடிந்து எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ வருவதற்குள், "சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு ட்யூஷன் இருக்கே" என்று ஒரு அக்கா முணுமுணுத்தார். மூன்றே வாரத்தில் வகுப்பில் பாதிப் பாய் காலி.

டீக்கடையில் வந்த பேச்சைக் கூட்டத்துக்குள்ளேயே வரவைப்பது எப்படி என்று அதற்கப்புறம் பலதும் செய்து பார்த்தோம். எங்களுக்குக் கைகொடுத்தவை இவை.

முதலில் நிகழ்ச்சி நிரல். "வகுப்பு நேரம்" என்று இரண்டு சொல் எழுதி அனுப்பினால் யாரும் எதையும் யோசித்து வரமாட்டார்கள். "ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் நம் வகுப்பை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வைப்பது?" என்று கேள்வியாகவே எழுதி, நான்கு நாள் முன்பே வைபர் (போன் செய்திச் செயலி) குழுவில் போடுங்கள். கூடவே ஒரு வரி: முடிவு யாருடையது? குழு சேர்ந்து எடுக்குமா, அல்லது கருத்துக் கேட்டுவிட்டு ஆசிரியரே எடுப்பாரா? இரண்டும் தப்பில்லை. முடிவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கருத்துக் கேட்பதுதான் தப்பு. அதில் ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாயைத் திறக்கமாட்டார். அப்புறம், அந்த முடிவோடு வாழப்போகிறவர்களையும் கூப்பிடுங்கள். நாங்கள் இரண்டு அம்மாக்களையும் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தியையும் கூப்பிட்டோம்.

கூட்டம் தொடங்கியதும் யாரும் பேசக்கூடாது. ஆளுக்கொரு துண்டுக் காகிதம், ஐந்து நிமிடம், எழுத மட்டும். பெரியவர்கள் தமிழில் எழுதுவார்கள். இளையவர்களுக்குப் பர்மிய எழுத்துதான் கை ஓடும், அதுவும் சரி. பெயர் வேண்டாம். சீட்டுகளைக் கலந்து ஒருவர் உரக்கப் படிக்கட்டும்.

இது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சம நீளம் என்று கேட்டார். அறையில் ஒரு மாணவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். வேண்டுமென்றே தப்பான விடை சொன்னார்கள். சரியான விடை கண்ணெதிரே இருந்தும், சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு ஒத்துப்போனார்கள். துணைக்கு ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. வெறும் கோட்டுக்கே இந்தப் பாடு! இங்கே தாத்தாவை மறுத்துப் பேச வேண்டும். போதாததற்குப் பர்மாவில் "ஆநாதெ" என்று ஒன்று இருக்கிறது. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சம். தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்து, நமக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. சீட்டுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

தாத்தாவைக் கடைசியில் பேசவைப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. "நீங்கள் அப்புறம் பேசுங்கள்" என்றால் அவமானமாகிவிடும். "தாத்தா, எல்லாரும் சொன்னதைக் கேட்டு நீங்கள்தான் கூட்டிக் கட்டித் தரவேண்டும்" என்றேன். அன்றிலிருந்து அவர் குறிப்பெடுக்கிறார்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்காதீர்கள், அமைதிதான் பதிலாக வரும். "இது மூன்று மாதத்தில் படுத்துவிட்டது என்று வையுங்கள், எதனால் படுத்திருக்கும்?" என்று கேளுங்கள். யாரையும் குறை சொல்லாமலே குறையெல்லாம் வெளியே வரும். ட்யூஷனும் மின்வெட்டும் எங்களுக்கு இப்படித்தான் வந்தன. பிறகு விரல் காட்டச் சொல்லுங்கள், எல்லாரும் ஒரே நொடியில். ஐந்து என்றால் முழுச் சம்மதம். மூன்று என்றால் மனசு முழுக்க இல்லை, ஆனாலும் கூட நிற்பேன். ஒன்று என்றால் இப்படியே போனால் கெட்டுவிடும். ஒன்று காட்டியவரிடம், "எதை மாற்றினால் மூன்று ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு ஞாயிறு காலைக்கே திரும்பியது, அரை மணி தள்ளி.

வாக்கெடுப்பை நான் கூடியவரை தவிர்ப்பேன். ஆறுக்கு ஐந்து என்று ஜெயித்தால் அந்த ஐந்து பேர் மறுநாள் பாய் விரிக்க வரமாட்டார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் எங்களிடம் ஒரு பழைய வழி இருக்கிறது: குடவோலை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஊரின் முப்பது குடும்புகளுக்கும் (வார்டு மாதிரி) ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கவைக்கும் முறை விளக்கமாக இருக்கிறது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. நாங்கள் வருஷா வருஷம் கணக்குப் பார்க்கும் மூன்று பேரை ஒரு பித்தளைச் செம்பிலிருந்து எடுக்கிறோம். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் நிலம் வேண்டும் என்ற கல்வெட்டு விதிகளை விட்டுவிட்டோம். வைத்திருந்தால் நானே தேறமாட்டேன்.

கலைவதற்கு முன் சார்ட் தாளில் மூன்று பத்தி: என்ன, யார், எந்தத் தேதிக்குள். "குழு செய்யும்" என்று எழுதினால் யாரும் செய்யப்போவதில்லை, ஒரு ஆளின் பெயர் இருக்கட்டும். பர்மியத்திலும் தமிழிலும் உரக்கப் படித்துவிட்டு, படம் எடுத்து வைபரில் போட்டுவிடுங்கள். முடிவை மறுபடி பார்க்கும் நாளையும் குறியுங்கள், எங்களுக்கு மூன்று மாதம். மொத்தம் ஒன்றே கால் மணி நேரம் போதும். கரண்ட் இருக்கும்போதே முடிப்பது உத்தமம்.

போன மாதம் கூட்டம் முடிந்து அதே டீக்கடைக்குப் போனோம். அந்த அக்கா பலாத்தா (நம்ம பரோட்டாதான்) விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.