28 இன்னிங்ஸ் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையைப் படிப்பது எப்படி?

பழைய பேஸ்பால் ஆட்டத்துக்கு வீடியோ கிடைக்காது, ஸ்கோர் அட்டைதான் கிடைக்கும். படிக்கத் தெரிந்தால் அதுவே போதும். பழகிப் பார்க்க 1942 மே 24 அன்று டோக்கியோவின் கொராகுவென் மைதானத்தில் நடந்த நகோயா - தாய்யோ ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்து ஜப்பானியத் தொழில்முறை லீக் ஆட்டம், 4-4 டிரா. முடிவை மட்டும் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும்.

அதனால் முதலில் இன்னிங்ஸ் கட்டங்களுக்குப் போங்கள். மேல் வரிசை முதலில் பேட் செய்த அணி, கீழ் வரிசை அடுத்தது. கிரிக்கெட் மாதிரி நீளமான இன்னிங்ஸ் இல்லை, மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் அணியின் முறை முடிந்தது, அதாவது பாதி இன்னிங்ஸ். ஒன்பதாவது கட்டத்தில் நகோயாவுக்கு 2 என்று இருக்கும்: ஃபுருகாவா அடித்த ஹோம் ரன் (எல்லைக்கு வெளியே போகும் அடி, அடித்தவரோடு பேஸில், அதாவது ஓட்டப் பாதையின் நிறுத்தங்களில், நிற்பவருக்கும் ரன் கிடைக்கும்), தோற்க இருந்த ஆட்டத்தைச் சமன் செய்தது அதுதான். அப்புறம் 10 முதல் 28 வரை இரண்டு வரிசையிலும் பூஜ்யம், மொத்தம் 38. இவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஏனென்றால் கூடுதல் இன்னிங்ஸில் (வழக்கமான ஒன்பதும் சமனில் முடிந்தால் தொடர்ந்து ஆடுவது) கீழ் வரிசை அணி ஒரே ஒரு ரன் எடுத்தாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும், அந்த ஆபத்து 19 முறை வந்து 19 முறையும் தப்பியிருக்கிறது.

அடுத்து பிட்சர் பட்டியல், அதாவது பந்து வீசியவர்கள். இங்கே அணிக்கு ஒரே பெயர்! நகோயாவின் மிச்சியோ நிஷிசாவா 311 பந்து, தாய்யோவின் ஜிரோ நோகுச்சி 344 பந்து. இப்போதெல்லாம் 100 பந்தைத் தொட்டாலே பயிற்சியாளர் மாற்று ஆளைத் தேடுவார்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓர் அணியில் பேட் செய்ய வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை, ரன் + அவுட் + இன்னிங்ஸ் முடியும்போது பேஸில் நின்றுபோனவர்கள் என்பதற்குச் சமமாக வர வேண்டும். இந்த ஆட்டத்தில் 4 ரன், 84 அவுட், அதாவது நின்றுபோனவர்களைச் சேர்க்காமலே 88 பேர். ஒன்பது இடம் கொண்ட பேட்டிங் வரிசை குறைந்தது ஒன்பது சுற்று முழுதாகச் சுற்றியிருக்கிறது. கூட்டல் உதைத்தால் அச்சுப்பிழை என்று வைத்துக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத இடம், கடைசியில் இருக்கும் நேரம். மதியம் 2:40-க்குத் தொடங்கி மாலை 6:27-க்கு முடிந்தது, 3 மணி 47 நிமிடம். 655 பந்துகளுக்கு வகுத்தால், அணிகள் இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தே, பந்துக்கு சுமார் 21 விநாடி. 1920-ல் புரூக்ளினும் பாஸ்டனும் 26 இன்னிங்ஸ் ஆடி 1-1 என்று முடித்த அமெரிக்க ஆட்டத்துக்கே 3 மணி 50 நிமிடம் ஆனது. இத்தனைக்கும் கொராகுவெனில் அன்று இது மூன்றாவது ஆட்டம்.

அட்டையை மூடியதும் அந்த இரண்டு பிட்சர்களின் வருடக் கணக்கையும் தேடிப் பாருங்கள். நோகுச்சிக்கு அந்த ஒரே சீசனில் 40 வெற்றி. நிஷிசாவா பிற்பாடு பந்துவீச்சை விட்டுவிட்டு பேட்டராக மாறினார், 1950-ல் 46 ஹோம் ரன் அடித்தார்.