ஒரு வயது தாண்டிய குழந்தை: கவலை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பெற்றோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அக்கறைக் குறைவால் வருவதில்லை. அக்கறை இடம் மாறிப்போவதால்தான் வருகின்றன. குழந்தை இன்னும் நடக்கவில்லையே என்று பதினான்காம் மாதத்தில் வீடே கலங்கும். அதே வீட்டில் டிவி ரிமோட்டின் பின்மூடி கழன்று கிடக்கும்.

நடையையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானமின்றி நடக்கும் இயல்பான காலம் ஏறத்தாழ 8 மாதத்தில் தொடங்கி பதினேழரை மாதம் வரை நீள்கிறது. 18 மாதம் முடிந்தும் நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதற்குள் அவசரப்பட்டுச் சக்கர வாக்கர் வாங்குவது வீண், ஆபத்தும்கூட. அதில் உட்கார்ந்த குழந்தை நுனிக்காலால் தரையைத் தள்ளத்தான் பழகும். விழுந்து, எழுந்து, சமநிலை பிடிக்கும் பயிற்சி கிடைக்காது. ஒரே நொடியில் ஒரு மீட்டர் உருண்டுவிடும் என்பதால், பக்கத்தில் நின்றாலும் படிக்கட்டில் தடுக்க முடியாது. கனடா 2004-இலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் வெறுங்காலும் பிடித்து நிற்க ஒரு தாழ்வான மேசையும் போதும்.

நடக்கத் தொடங்கியபின் வரும் தவறு, ஒரு கையைப் பிடித்துச் சுண்டி இழுப்பது. இந்த வயதில் முழங்கை எலும்பின் தலையைச் சுற்றியுள்ள தசைநார் தளர்வாக இருக்கும். இழுத்த வேகத்தில் எலும்பு நழுவிவிடும். வீக்கம் தெரியாது. குழந்தை கையைத் தொங்கவிட்டபடியே இருக்கும், அதைத் தொட்டால் அழும். நீங்களே திருகிப் பார்க்காமல் மருத்துவரிடம் போனால் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார். தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குங்கள்.

அதிகம் சண்டை நடக்கும் இடம் சாப்பாடு. "போன வருஷம் நன்றாகச் சாப்பிட்டது, இப்போது வாயே திறப்பதில்லை" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் புலம்பல். கணக்கைப் பாருங்கள்: 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் வருடத்தில் 9 கிலோவைத் தொடுகிறது, இரண்டாம் வருடம் முழுக்கக் கூடுவது சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? இது புரியாமல் ஸ்பூனோடு துரத்துகிறோம், போனைக் காட்டி வாயில் திணிக்கிறோம். அதுவும் பலிக்காதபோது, பாலாவது குடிக்கட்டுமே என்று புட்டியை நிரப்புகிறோம். உண்மையான கேடு இங்கேதான். ஒரு நாளைக்கு 500 மில்லி பால் போதும். 700 மில்லியைத் தாண்டினால் வயிறு பாலிலேயே நிறைந்துவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் உறிஞ்சவிடாமல் தடுக்கும். முகம் வெளிறி, எரிச்சலோடு இருக்கும், மண்ணையும் சுவரையும் நக்கும் குழந்தைக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என்ன, எப்போது கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். ஒவ்வொரு பண்டத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது இரண்டு வயதென்றால் இரண்டு கரண்டி என்று தொடங்கலாம். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைக்கு இடையே இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். புதுப் பண்டத்தை ஒரு முறை துப்பியதும் "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பத்து முறைக்கு மேல் தட்டில் பார்த்தபிறகு வாயில் வைக்கும் குழந்தைகள் நிறைய.

பால்புட்டியோடு தூங்கவைப்பது தனிக் கேடு. மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். ஒரு வயதிலிருந்தே கப்புக்கு மாற்றத் தொடங்கி 18 மாதத்துக்குள் புட்டியை நிறுத்திவிடுங்கள். மூன்று வயதுவரை ஃப்ளோரைடு பேஸ்ட் ஒரு அரிசியளவு போதும்; பிரஷை நிறைத்து வைப்பதெல்லாம் விளம்பரத்துக்கு.

டாய்லெட் பழக்கத்தில் பிறந்தநாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டயப்பர் இரண்டு மணி நேரம் உலர்ந்தே இருப்பது, ஈரமானதைச் சொல்வது, பேன்ட்டைத் தானே இறக்குவது, சின்னச் சின்ன வேலை சொன்னால் செய்வது: இவை சேர்ந்து தென்படும்போதுதான் நேரம். பலருக்கு அது இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள். சாப்பிட்ட பதினைந்து இருபது நிமிடத்தில் உட்காரவைத்தால் குடலே உதவும். பெரியவர்களுக்கான டாய்லெட் இருக்கையில் கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. பாதத்துக்கு அடியில் ஸ்டூல் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுப்பிவிடுங்கள்.

இதில் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் மலச்சிக்கலில். ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்ததும் குழந்தை ஆயை அடக்கத் தொடங்கும்: காலைப் பின்னிக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னால் போய், முகம் சிவக்க நிற்கும். முக்குகிறது என்று நினைப்போம், உண்மையில் அடக்குகிறது. அடக்க அடக்க இன்னும் கெட்டியாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு, டயப்பரைத் திரும்பக் கட்டி, மருத்துவரைக் கேட்டு மலத்தை இளக்குவதுதான் முதல் வேலை. திட்டினால் அடக்கும் பழக்கம் இறுகும். இரவில் நனைப்பது ஐந்து வயதுவரைகூட இயல்பு. அதைப் பகல் பயிற்சியோடு சேர்க்காதீர்கள்.

அடம் பிடித்து உருளும்போது நியாயம் பேசிப் பயனில்லை. அந்த நேரத்தில் காதில் ஏறாது. இடிக்கக்கூடியவற்றை நகர்த்திவிட்டு அருகில் இருங்கள். பிஸ்கட் கொடுத்து அடக்கினால், அழுதால் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும். சில குழந்தைகள் அழுகையில் மூச்சைப் பிடித்து நீலம் பாரிக்கும். ஒரு நிமிடத்துக்குள் தானே மூச்சு விடும். பிடித்துக் குலுக்காதீர்கள், பக்கவாட்டில் படுக்கவையுங்கள். முதல் முறை நடந்ததும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்குப் பின்னால் இரும்புக் குறைவு இருப்பதுண்டு.

பேச்சில் மட்டும் நாம் நேர்மாறு. "ஆண் குழந்தை, லேட்டாகத்தான் பேசும்" என்று காத்திருக்கிறோம். 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 18 மாதத்தில் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் "தண்ணி வேணும்" போல இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்; கேட்கும் திறனைச் சோதிப்பதில் தொடங்குங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டும். இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், அதன்பின் ஒரு மணி நேரத்துக்குள்.

கடைசியாக அந்த ரிமோட். சில ரிமோட்டுகளுக்குள் இருக்கும், காசு போன்ற பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் சுவரை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழுக் கடலை வகைகளும் பாப்கார்னும் ஐந்து வயதுவரை வேண்டாம். எதுவாவது தொண்டையில் அடைத்து, குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். இருமலோ சத்தமோ வராவிட்டால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. அதற்கும் வராவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்துங்கள், மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும்.