டாக்டரிடம் ஆற்றைச் சொல்லுங்கள்: அசுத்த நீரில் துடுப்பு போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒருநாள் காலை ஆறரை மணி இருக்கும். புதிதாகச் சேர்ந்த நான்கு பிள்ளைகள் அடையாற்றில் முதல் நீண்ட பயிற்சியை முடித்துவிட்டுப் படகைக் கரையேற்றினார்கள். அதில் ஒருவனுக்கு இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடு நேராகத் தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போய் வடையைப் பிய்த்தான். ஓடிப்போய்ப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "என்னக்கா ஆச்சு?" என்று விழித்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதே ஆற்றிலிருந்து இதே மாதிரிக் கையோடு கரையேறி வடை தின்றவள்தான். அதன்பிறகு பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, நீச்சல் தெரியாமல் படகேறக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நாற்றத்தை வைத்து முடிவெடுப்பது

கோட்டூர்புரம் பாலத்துக்கும் திரு.வி.க. பாலத்துக்கும் நடுவில் துடுப்பு போட்டவர்களுக்கு அந்த அழுகிய முட்டை நாற்றம் பழக்கம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கடல்நீர் சரியாக உள்ளே வராமல் போகும்போது, சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. ஆற்றுக்கு மூச்சு முட்டுகிறது என்பதைத்தான் அந்த நாற்றம் சொல்கிறது. தண்ணீரில் எவ்வளவு நோய்க்கிருமி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

நல்ல மழை பெய்த மறுநாள் ஆறு பெருகி ஓடும், நாற்றம் காணாமல் போயிருக்கும், தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். "இன்னிக்கு ஆறு சூப்பரா இருக்குக்கா" என்று பிள்ளைகள் துள்ளுவார்கள். உண்மையில் இறங்கவே கூடாத நாள் அதுதான். தெருவில் கிடந்தது, எலி வளையில் இருந்தது, நிரம்பி வழிந்த சாக்கடை எல்லாமே மழைநீர் வடிகால் வழியாக ஆற்றுக்குள் வந்து சேர்ந்திருக்கும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி உப்புத் தண்ணீரில் அதிக நாள் தாங்காது. சாதாரண நாளில் முகத்துவாரப் பக்கம் கொஞ்சம் உப்பு கலந்திருக்கும். மேலே இருந்து வெள்ளம் இறங்கி ஆறு முழுக்க உப்பில்லாத தண்ணீராக மாறும்போது அந்தச் சின்னப் பாதுகாப்பும் போய்விடுகிறது.

குளிப்பதற்கு ஏற்ற நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் கிருமிகள் 500-க்குள் இருப்பது நல்லது, எப்படிப் போனாலும் 2500-ஐத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். இதைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. மழை நின்று குறைந்தது இரண்டு முழு நாளாவது படகை வெளியே எடுக்காதீர்கள். பெருமழை என்றால் நான் ஒரு வாரம் காத்திருப்பேன். அந்த நாட்களில் கரையிலேயே துடுப்பு போட்டுப் பழகும் எர்க் மெஷினில் உட்காருங்கள்.

கொப்புளத்தின்மேல் வெறும் டேப் சுற்றுவது

வெள்ளைத் துணி டேப் கைக்கு இதமாக இருக்கும், ஆனால் அது தண்ணீரை உறிஞ்சும். ஒன்றரை மணி நேரம் ஆற்றுத் தண்ணீரில் நனைத்த துணியைத் திறந்த புண்ணின்மேல் கட்டி வைத்திருப்பதாகத்தான் அர்த்தம். முதலில் தண்ணீர் புகாத பிளாஸ்டர், அதன்மேல் டேப், கரையேறியதும் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டுச் சோப்பு. சேறு படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, அதனால் ஓடுகிற குழாய்த் தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும். கொப்புளம் பெரிதாக உடைந்திருந்தால் அன்று படகு வேண்டாம்.

காண்டாக்ட் லென்ஸ்

கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் அமீபா மாட்டிக்கொண்டால் பார்வையே போகலாம்.

தண்ணீர் பாட்டிலைப் படகின் அடியில் உருட்டிவிடுவது

படகின் அடியில் தேங்குவதும் ஆற்றுத் தண்ணீர்தான். பாட்டிலின் வாய் அதில் ஊறிக்கொண்டே இருக்கும், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் எடுத்து வாயில் வைப்போம். ஆற்று நீரை ஒரு மடக்குகூடக் குடித்ததில்லை என்று சத்தியம் செய்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தினமும் குடிக்கிறார்கள். மூடி உள்ள பாட்டில், அதைப் போட ஒரு ஜிப் பை. முடிந்தது.

காய்ச்சல் வந்தபோது ஆற்றைச் சொல்லாமல் விடுவது

இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த நவம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. படகில் கடைசியாகப் போனது அதற்கு ஒன்பது நாள் முன்னால். குளிர் நடுக்கம், மண்டையைப் பிளக்கும் தலைவலி. கெண்டைக்கால் வலியில் எழுந்து நிற்க முடியவில்லை, பயிற்சி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை. தூக்கம் இல்லாததால் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அம்மா நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போனோம். வெளியில் சாப்பிட்டாயா, கொசு உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஆற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காய்ச்சல் என்றால் நேற்றோ முந்தாநாளோ செய்ததைத்தான் மனசு தேடும். ஒன்பது நாளுக்கு முந்தைய ஆறு என் ஞாபகத்திலேயே வரவில்லை. டெங்கு பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வைரல் காய்ச்சல் என்று பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. சரி, போய்விட்டது என்று எர்க்கில் கூட உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்தபோது கண் மஞ்சளாகியிருந்தது, சிறுநீர் கறுத்துக் குறைந்துபோயிருந்தது. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி. இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் ஊசி குத்துவதற்காகக் கையைப் பிடித்தவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கை ஏம்மா இப்படி காய்ச்சுப் போயிருக்கு?"

"படகு ஓட்டுவேன் சார்."

"எங்கே?"

"அடையாற்றில்."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எல்லாமே மாறியது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்று இரவே பென்சிலின் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். ஈரலும் சிறுநீரகமும் அடிபட்டிருந்தன. மூன்று வாரம் படுக்கை, அந்த வருஷப் போட்டிகள் எல்லாம் போயின, ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட அப்பா வாங்கிய கடனை அடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. முதல் நாளே அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம். முதல் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன், நவம்பர் மாதச் சென்னையில் காய்ச்சலோடு வருகிறவர்கள் எத்தனை பேர்! ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் பயிற்சி எடுத்த மூன்று பிள்ளைகள், நான் சொல்லிச் சொல்லியும், இதே மாதிரி ஆற்றை மறைத்துவிட்டு வந்தார்கள். ஒருத்தி, "ஆத்துல போறேன்னு தெரிஞ்சா வீட்ல நிறுத்திடுவாங்கக்கா" என்றாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக வருகிறது.

இந்த நோயின் போக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். எலி, நாய், மாடு, பன்றி இவற்றின் சிறுநீரோடு கிருமி தண்ணீருக்கு வருகிறது. உடைந்த தோல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் நமக்குள் போகிறது. 2 நாளிலிருந்து 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் 5 முதல் 14 நாளில். பலருக்கு லேசாக வந்து போய்விடும். சிலருக்கு எனக்கு வந்த மாதிரி ஒருமுறை விட்டுத் திரும்பும், இரண்டாவது முறைதான் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். முதல் வாரத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடுகிற பரிசோதனை இல்லை என்று காட்டலாம், உடம்பு அதை இன்னும் தயாரித்திருக்காது. அதனால் டாக்டர் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தேகம் அவருக்கு வர வேண்டுமானால் நாம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

2000-ல் போர்னியோ தீவில் இருக்கும் மலேசியாவின் சபா மாநிலத்தில் ஒரு சாகசப் பந்தயம் நடந்தது. 26 நாடுகளிலிருந்து 304 பேர் கலந்துகொண்டு செகாமா ஆற்றில் நீந்தினார்கள், படகு ஓட்டினார்கள். பந்தயம் முடிந்து ஆளுக்கொரு நாட்டுக்குப் போனபிறகு காய்ச்சல் வந்தது. பிறகு தேடிப் பிடித்து விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்கான அறிகுறிகள் இருந்தன. தன் ஊர் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, 'போன மாதம் போர்னியோ ஆற்றில் இருந்தேன்' என்று ஒவ்வொருவரும் தானாகச் சொல்ல வேண்டியிருந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆண்டி ஹோம்ஸ் 1984-லும் 1988-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டிஷ் துடுப்பு வீரர். 2010 அக்டோபரில் இதே நோயின் கடுமையான வகையில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 51. துடுப்பு போட்ட நீரிலிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. உடம்பு உறுதியான ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் இவரைப் பற்றித்தான் சொல்வேன்.

ஆகவே, டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் அவர் கேட்பதற்கு முன்னாலேயே இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், நான் அடையாற்றில் படகு ஓட்டுகிறேன். கடைசியாக ஆற்றில் போனது இந்தத் தேதி. அன்று கையில் புண் இருந்தது. எலிக்காய்ச்சலாக இருக்குமா?" இதை அப்படியே போனில் எழுதி வையுங்கள். வீட்டிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், 103 டிகிரி காய்ச்சலில் பேசப்போவது நீங்கள் அல்ல, உங்கள் அம்மாதான். எங்கள் படகுக் கொட்டகையில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. யார் என்றைக்குப் போனார்கள், யார் கவிழ்ந்தார்கள், யாருக்குக் கையில் காயம் என்று தேதியோடு எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டு வாரத்தோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள்காமாலை ஆற்றுநீர் உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்துக்கூட வரும்.

தடுப்பூசி போடாமல் ஆற்றுக்கு வருவது

ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு, டெட்டனஸ். மூன்றுக்கும் ஊசி இருக்கிறது. எலிக்காய்ச்சலுக்கு நம் ஊரில் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை, அதனால்தான் மேலே அவ்வளவு எழுதினேன்.

நாமே மருந்துக்கடைக்குப் போவது

கேரள வெள்ளத்தின்போது 2018-ல் மீட்புப் பணிக்குப் போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு, சிலர் கடையில் பட்டை பட்டையாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அங்கே சுகாதாரத் துறை பார்த்துக் கொடுத்தது வேறு விஷயம். வருஷம் முழுக்க ஆற்றில் இருக்கிற நாம் யாரையும் கேட்காமல் ஆன்டிபயாடிக் விழுங்கிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தால் போடுங்கள். வயிற்றுப்போக்கில் ரத்தம் தெரிந்தால், அதை நிறுத்துகிற மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

வெறுங்காலில் சேற்றில் இறங்குவது

கண்ணாடித் துண்டு. பழைய செருப்பு ஒன்று போதும்.

ஜெயித்ததும் காக்ஸைத் தூக்கி ஆற்றில் போடுவது

காக்ஸ் என்பது துடுப்பு போடாமல் படகின் திசையைப் பார்த்துக்கொள்கிறவர். துடுப்பு போடுகிறவர்களிடம் உலகம் முழுக்க இருக்கிற பழக்கம் இது, நானும் இரண்டு முறை தூக்கிப் போட்டிருக்கிறேன். லண்டன் தேம்ஸ் ஆற்றில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதுகிற படகுப் போட்டியில், 2024-ல் தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக் கிருமி அதிகமாக இருப்பது தெரிந்ததும் இந்த வழக்கம் வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்களே சொல்லிவிட்டார்கள். புண்ணை மூடுங்கள், தெறிக்கிற தண்ணீரை விழுங்காதீர்கள் என்றும் வீரர்களுக்குச் சொல்லப்பட்டது. அத்தனை பழைய போட்டியிலேயே நிறுத்த முடிந்தது.

காக்ஸ் என்றால் எங்கள் குழுவில் பெரும்பாலும் இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளை. எதிர்பாராத நேரத்தில் தலைகீழாக விழுந்தால் மூக்கு, வாய், காது எல்லாவற்றிலும் தண்ணீர் போகும். போன முறை எங்கள் பிள்ளைகள் ஜெயித்து வந்தபோது கரையில் நான்கு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். எல்லோருமாகச் சேர்ந்து காக்ஸின் தலையில் கொட்டினார்கள், அந்தப் பெண் கத்தின கத்தில் பாலத்தின்மேல் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான்கு வாளியும் குழாய்த் தண்ணீர்.